ஸ்ரீ நம்பர்: ஊவா மலைப்பாதையின் ஓயாத கார்கள்

ஊவா மாகாணத்துப் பதுளையில் ஒரு பழைய காரின் வயதை அறிய அதன் சொந்தக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. நம்பர் தட்டே சொல்லிவிடும். சி.எல்., ஈ.எல்., ஈ.வை. என்று இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கினால் அது 1950களின் நடுப்பகுதிக்குள் இலங்கைக்கு வந்து சேர்ந்த வண்டி. நடுவில் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ இருந்தால் அதற்குப் பிந்தியது. கார்களைப் பொறுத்தவரை ஸ்ரீக்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருக்க இருக்க வண்டி மூத்தது என்று பொதுவாகச் சொல்லலாம். ஸ்ரீ வரிசை நிரம்பிய பிறகு வந்தவற்றில் இரண்டு எண்களுக்கு நடுவே வெறும் கோடு. 2000ஆம் ஆண்டிலிருந்து மறுபடியும் ஆங்கில எழுத்துகள். பிற்பாடு ஊவா மாகாணத்துக்கு ‘யூ.பி.’ என்ற குறியீடும் அவற்றோடு சேர்ந்தது. வாகனம் வாங்கி விற்பவர்கள் ஸ்ரீ நம்பர், டேஷ் நம்பர், இங்கிலிஷ் நம்பர் என்று மூன்றே சொல்லில் இந்த முழு வரலாற்றையும் அடக்கிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. தட்டு சொல்வது வண்டி இலங்கையில் பதிவான காலத்தை. அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஆண்டை அல்ல. ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கு வந்த கார்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

அந்த ஸ்ரீ எழுத்தின் கதை வாகனத்தோடு மட்டும் நிற்பதல்ல. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அந்த எழுத்து நம்பர் தட்டில் ஏறியது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. சிங்கள ஸ்ரீயை அழிக்கும் தார்ச்சட்டியும் தூரிகையும் அதன் ஆயுதங்களாக இருந்தன. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 தொடக்கத்தில் உருவாகி, ஸ்ரீ எழுத்துள்ள பஸ்களை வடக்குக்கு அனுப்பியபோது போராட்டம் உச்சத்தை எட்டியது. மலையகமும் அதில் ஒதுங்கி நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தார்கள். அந்த வருடம் மே மாதம் நாடு கண்ட இனக் கலவரத்துக்கு முந்திய வாரங்கள் அவை. இன்று பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே ஸ்ரீ தட்டோடு நிற்கும் மொரிஸ் மைனர் ஒன்றைப் பார்த்து யாரும் அதை நினைப்பதில்லை. ஆனால் அந்தத் தட்டு அந்தக் காலத்தின் பொருள்தான். அருங்காட்சியகத்தில் இல்லை, இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் பழைய கார்ப் பிரியர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறார்கள். 1950களின் அலங்காரக் கார்கள் அங்கு ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆனால் 1980களில் வீதியெங்கும் ஓடிய சாதாரணக் குடும்பக் கார்களைக் காண்பதே அரிது. 1981 மாடலாக வந்த டொட்ஜ் ஏரிஸ், பிளிமத் ரிலையன்ட் இரண்டும் அப்படிப்பட்டவை. திவாலின் விளிம்பில் நின்ற கிறைஸ்லர் கம்பனி, அரசாங்கம் 150 கோடி டொலர் வரை உத்தரவாதம் அளித்த கடனில் பிழைத்து எழுந்ததற்கு இந்தக் கார்களே பெரிய காரணம். கம்பனியைக் காப்பாற்றிய கார்களை யாரும் காப்பாற்றவில்லை. பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு அடித்தகட்டைத் தின்றது; பழுது பார்க்கும் கூலியைவிட இன்னொரு கார் மலிவாகக் கிடைத்தது. அப்படி ஒரு கார் இன்றும் தினசரி வேலைக்கு ஓடுவதைக் கண்டால் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள்.

ஊவாவில் கணக்கு தலைகீழ். இங்கு தப்பியவை சாதாரணக் கார்கள்தான். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், அவற்றின் பிறகு 1980களில் வந்த டட்சன் சனி, மிட்சுபிஷி பொக்ஸ் லான்சர், டொயோட்டா டி.எக்ஸ். வேகன். இவை தப்பியதற்குப் பாசம் ஒரு காரணம் என்றாலும் முதல் காரணம் அதுவல்ல. புதிதாக ஒன்று வாங்க வழியில்லாமல் போனது. இருப்பதை ஓடவைக்கக் கைகள் இருந்தன. பழைய கார்களைப் பற்றி எழுதுபவர்கள் உரிமையாளரின் ரசனையைப் பாராட்டுவார்கள். ஊவாவின் பழைய காரை விளக்க வேண்டுமானால் அந்நியச் செலாவணியையும் கராஜையும் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியபோது முதலில் வெட்டப்பட்ட இறக்குமதிகளில் காரும் ஒன்று. அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒரு புதிய காரைப் பார்ப்பதே அபூர்வம். 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பாணுக்கு வரிசை நின்ற காலம். தோட்டங்களில் 1973, 1974ஆம் ஆண்டுகளில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம். அந்த நிலையில் கார் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் தோட்டத்து லயத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏதோ ஒரு சக்கரம் தேவைப்பட்டது. தோட்டத்துக் கொழுந்து லொறி இல்லையென்றால் டவுனிலிருந்து வாடகைக் கார். அந்த வாடகைக் கார் ஏ-40 அல்லது கேம்பிரிட்ஜ். அதன் எஞ்சின் நின்றுபோனால் மாற்று வண்டி கப்பலில் வராது. ஆகவே நிற்கவிடக் கூடாது.

இதற்குச் சற்று முன்பு ஜப்பானில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1952 டிசம்பரில் நிசான் கம்பனி இங்கிலாந்தின் ஒஸ்டினோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. முதலில் உதிரிகளாக வந்த ஒஸ்டின் ஏ-40 சமர்செட் கார்களைப் பூட்டினார்கள். பிறகு ஏ-50 கேம்பிரிட்ஜ். மூன்று வருடத்துக்குள் எல்லாப் பாகங்களையும் ஜப்பானிலேயே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நிசான் அதை நிறைவேற்றியது. கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கிய அதே வகைக் காரை ஜப்பான் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டு கார் செய்யக் கற்றது. இலங்கை அதே காரைப் பழுது பார்க்கக் கற்றது. ஒரு நாடு தொழிற்சாலைக்குள் கற்றதையும் மறுநாடு வீதியோரக் கராஜில் கற்றதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இரண்டாவதும் கல்விதான். அதற்கு இன்றுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் ஜப்பானிடம் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்று இலங்கை சார்பில் பேசியவரும் அவரே. கதவு திறந்ததும் ஜப்பானியக் கார்கள் உள்ளே பாய்ந்தன. உள்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. தொழிலதிபர் உபாலி விஜேவர்தன உபாலி மஸ்டா, உபாலி ஃபியட் என்ற பெயர்களில் கார்களைப் பூட்டி விற்றார். 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து திரும்பிய அவருடைய சிறிய விமானம் காணாமற் போனது. அந்தக் கார்களின் கதையும் பின்னர் மங்கிவிட்டது.

அதே 1983 ஜூலையில் தீவெங்கும் மூண்ட தீ பதுளைக்கும் வந்தது. ஜூலை 27 அன்று நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அந்த ஜூலையில் நாடு முழுவதும் எரிந்த சொத்துகளில் வாகனங்களும் அடக்கம். ஊவாவின் தமிழ் வணிகக் குடும்பங்களிடம் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த கார் என்று ஒன்றைத் தேடினால் எளிதில் கிடைக்காது. காரின் ஆயுளைத் துரு மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மொரிஸ் மைனரின் பிறந்த ஆண்டுக்கு மலையகத்தில் தனிப் பொருள் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார் இசிகோனிஸ். பம்பர்கள் ஏற்கனவே செய்தாகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தார்கள். ஆரம்ப கால மைனர்களில் அந்த ஒட்டு வெளிப்படையாகத் தெரியும். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாமில் லான்ட் ரோவர் வெளிவந்தது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் அடிச்சட்டத்தில் முதல் சோதனை வண்டியைக் கட்டி, போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாட்டினால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள்.

அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறியது. நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவர்களானார்கள். தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களாவுக்கு வந்து சேர்ந்த லான்ட் ரோவருக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, இலக்கம் இருந்தது, இந்த நாட்டின் வாகனம் என்ற சான்று இருந்தது. அது ஓடிய ரோட்டை மலையில் வெட்டிய குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு அப்படி ஒரு தாள் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. பதுளையிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தவர்களின் பெட்டிகளைத் தோட்டத்து லொறிகள்தான் ஸ்டேஷனுக்கு இறக்கின. குடியுரிமைப் பிரச்சினையின் மிச்சத்தைத் தீர்க்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பழைய லான்ட் ரோவரின் அழகைப் பேசும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போவது வழக்கம். தாண்டக் கூடாது.

1972, 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. பெரிய தொரை ஏறிய வண்டியைப் பின்னாளில் டவுன் மரக்கறி வியாபாரி ஒருவர் ஓட்டுவதென்பது ஊவாவில் அதிசயமல்ல.

இனி கராஜுக்குள் போவோம்.

பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டும். ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை வழியாக ஹப்புத்தளைக்கும் அதற்கப்பால் பெரகலைக்கும் போகும் ஏ-16 வீதியில் நேர்க்கோடு என்று சொல்லத்தக்க இடம் குறைவு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஹப்புத்தளை உயரத்தில் அதன் அடர்த்தி கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ அதே அளவை இழக்கும். 948 சி.சி. மொரிஸ் மைனர் புதிதாக இருந்தபோதே அதன் பலம் 37 குதிரைசக்திதான். அதில் எட்டில் ஒன்றைக் கழித்துவிட்டு, நான்கு பேரையும் ஒரு மூட்டை கரட்டையும் ஏற்றிக்கொண்டு அது மலை ஏற வேண்டும். ஏறுகிறது, இரண்டாம் கியரில், முனகிக்கொண்டு.

எஞ்சின் நின்றால் பெரிய ஆபத்தில்லை. முன்சக்கரம் மடிந்தால்தான் ஆபத்து. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். ட்ரனியன் என்ற உலோகக் கட்டை அந்த மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை ஒன்றோடொன்று உரசும். இடச் சக்கரத்துக்கு ஒரு திசை மரை, வலச் சக்கரத்துக்கு எதிர்த்திசை மரை. கிரீஸ் இருக்கும்வரை அது பல வருடம் உழைக்கும். கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு ட்ரனியனை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்துபோகும். சமவெளியில் நேர்ரோட்டில் ஓடும் மைனருக்கும் நாள் முழுக்க வளைவில் திரும்பும் ஊவா மைனருக்கும் இந்த இடத்தில்தான் ஆயுள் வேறுபடுகிறது. நல்ல மெக்கானிக் வண்டி உள்ளே வந்ததும் பொனட்டைத் திறக்கமாட்டார். ஜாக்கியைப் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் மற்றப் பேச்செல்லாம் பிறகு.

புதிய ட்ரனியன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மருதானைக்குப் பக்கத்து அந்தத் தெருக்கள் நாட்டின் உதிரிப்பாகக் களஞ்சியம். ஒரு பாஸ், அதாவது மூத்த மெக்கானிக், பழைய பாகத்தை பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரவு ரயிலில் இறங்கி, கடை கடையாகக் காட்டி, ஒத்துப்போவதைத் தேடி எடுத்துவருவார். கிடைக்காவிட்டால் லேத் பட்டறை. தேய்ந்த பாகத்தை அளந்து, புதிதாகக் கடைந்து, மரை வெட்டி எடுக்கிறார்கள். தண்டின் மரையும் கட்டையின் மரையும் உள்ளங்கையால் சுழற்றினால் தடையில்லாமல் ஏற வேண்டும். அதே சமயம் ஆட்டினால் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மயிரிழை. அதை விரலால் உணர்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரேக் இன்னொரு பாடம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் பார்க்க வேண்டுமானால் விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் மறந்துபோவது எளிது. மழைத் தண்ணீரும் புழுதியும் சேரும் இடமும் அதுவே. நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்குகள். எல்ல நகரிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நீண்ட சரிவில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் ட்ரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைநாட்டு டிரைவர்களின் முதல் பாடம். துருப்பிடித்துக் குழிவிழுந்த சிலிண்டரை இங்கு எறிவதில்லை. உள்ளே கடைந்து ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மைனரின் சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள் டிக், டிக், டிக் என்று ஓர் ஓசை எழும். அது எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்ப். கார்புரேட்டர் நிறைந்ததும் ஓசை நின்றுவிடும். டிக் என்ற சத்தமே வராவிட்டால் பம்புக்குள்ளிருக்கும் பொயின்ட் ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஸ்பானரால் மெல்ல ஒரு தட்டு, மறுபடி ஓடும். டிக் ஓயாமல் கேட்டால் பெற்றோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டாங்கி காலி. கம்பியூட்டரைச் செருகி நோய் கண்டறியும் இந்தக் காலத்துக் கார் தன் சொந்தக்காரரோடு இப்படிப் பேசுவதில்லை.

மாற்றங்களும் நிறைய. பழைய மைனருக்குள் டட்சன் எஞ்சினைப் பொருத்துவது இலங்கையில் பரவலான வழக்கம். ஒஸ்டினின் உடலுக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டவர்களும் உண்டு. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். கொழும்பின் சேகரிப்பாளருக்கு இந்த மாற்றம் பெருங்குற்றம். தொழிற்சாலையிலிருந்து வந்த அதே எஞ்சின், அதே நிறம், அதே திருகாணிதான் அவருக்குப் பெறுமதி. பண்டாரவளையிலிருந்து தினமும் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியருக்குக் காலை ஆறரை மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவதுதான் பெறுமதி. இரண்டில் எது பாதுகாப்பு என்று கேட்டால், ஓடும் காரின் பக்கம் சாய்வதே நியாயம். மாற்றிப் பொருத்திய ஒவ்வொரு பாகமும் அந்த வண்டியின் வரலாற்றைக் கெடுக்கவில்லை, அதை நீட்டியிருக்கிறது.

காலநிலையும் ஊவாவுக்குக் கைகொடுத்தது. கடல் உப்புக்காற்று இங்கு எட்டாது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம் தரும் பருவம் அதுவே. ஈரத்தில் ஊறிய தகடு அந்தக் காற்றில் ஓரளவு காய்ந்து மூச்சுவிடுகிறது.

தட்டுப்பாடு பழைய காரை வாழவைத்த கதை ஊவாவுக்கு மட்டும் உரியதல்ல. கியூபாவில் புரட்சிக்கு முன் வந்த செவ்ரோலட், ஃபோர்ட் கார்கள் அமெரிக்கத் தடைக்குப் பிறகும் வாடகைக்கு ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் உள்ளே சோவியத் அல்லது ஜப்பானிய எஞ்சின். 2011 வரை அங்கு சாதாரண மனிதர் சுதந்திரமாக வாங்கி விற்கக்கூடியவை அந்தப் புரட்சிக்கு முந்திய கார்கள் மட்டுமே. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்ஃபூவுக்கு, தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுப்போன 1950களின் லான்ட் ரோவர்கள் கல்லும் கரடுமான பாதையில் பல பத்தாண்டுகள் பயணிகளை ஏற்றின.

ஆனால் நமக்கு மிக நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணம். 1990க்குப் பிறகு குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோல் பொன்னைவிட அரிதானது. அங்கிருந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் சமர்செட்டும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. அதிக அமுக்கமுள்ள புதிய எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டித் தட்டி உடைந்துபோகும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அக்காலத்து யாழ்ப்பாண வீதியின் அடையாளங்கள். ஆஸ்பத்திரிக்கும் இடப்பெயர்வுக்கும் மனிதர்களைச் சுமந்தவை அந்தக் கார்கள். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது தெற்கிலிருந்து போனவர்கள் அவற்றைப் பார்த்து வியந்தார்கள்.

இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றைத் தொடங்கிய சார்ள்ஸ் வேர், காரை எறிபொருளாக அல்லாமல், வீட்டைப் போல் காலத்துக்குக் காலம் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் சொத்தாகக் கருத வேண்டும் என்று வாதிட்டவர். மைனருக்குத் தேவையான தகடுகளையும் பாகங்களையும் செய்ய அவர் கூட்டுச் சேர்ந்து ஒரு பட்டறையை அமைத்தது இலங்கையில்தான். காரைப் பெற்ற நாட்டுக்கே இங்குள்ள கைகள் பாகம் அனுப்பின. டிங்கர் வேலை என்று நாம் ஒரு சொல்லில் கடந்துபோகும் தொழிலின் தரத்துக்கு வெளியே கிடைத்த அங்கீகாரம் அது. உள்ளே அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

2020 மார்ச்சில் கதவு மறுபடி சாத்தப்பட்டது. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022 வந்தது. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். பெற்றோல் செட்டில் நாட்கணக்கான வரிசை. ஜூலை முடிவில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5. மலையில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தரும் பழைய மைனருக்கு அது பதுளை–பண்டாரவளை போய்வர மூன்று தடவைக்குப் போதுமாக இருந்தது. புதிய கார் வராத அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. கொட்டிலில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டிகள்கூடக் கராஜுக்கு வந்தன.

ஆனால் அந்த வண்டிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயது அறுபதைத் தாண்டுகிறது. தோட்டங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் முன்பு பாஸிடம் கையுதவியாகச் சேர்ந்து, முதலில் பாகம் கழுவி, பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, வருடக்கணக்கில் தொழில் படித்தார்கள். இன்று அந்த வயதுப் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அல்லது லீசிங்கில் முச்சக்கர வண்டியோ டிமோ பட்டா சிறு லொறியோ எடுக்கிறார்கள். வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் போக வேண்டிய நிலையில் அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் கற்பிப்பது இன்றைய எஞ்சினை; அதுவும் சரியே, இளைஞர்களுடைய பிழைப்பு அங்குதான் இருக்கிறது. எஸ்.யூ. கார்புரேட்டரின் அடியிலுள்ள ஒற்றை நட்டைத் திருகி மலைக்கும் பள்ளத்துக்கும் ஏற்பக் கலவையை அமைக்கும் அறிவு, 2008இலிருந்து கட்டாயமாகிவிட்ட புகைப் பரிசோதனையில் ஐம்பது வயது எஞ்சினைத் தேறவைக்கும் அறிவு, ஒரு தலைமுறையின் விரல்களில் மட்டும் நிற்கிறது.

பாடசாலைச் சான்றிதழ் இல்லாத கைவினைஞருக்கும் அனுபவத்தைச் சோதித்து என்.வி.க்யூ. தகுதி வழங்கும் ஏற்பாடு இலங்கையில் உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அதை நடத்துகிறது. பதுளை, பசறை, வெலிமடைப் பகுதிகளின் மூத்த பாஸ்மாருக்கு அந்தத் தகுதியைத் தமிழிலும் சிங்களத்திலும் கராஜ் வாசலிலேயே வந்து சோதித்துக் கொடுக்க முடியும். அந்தச் சோதனையின்போதே அவர்கள் ட்ரனியன் அளப்பதையும் ஸ்லீவ் போடுவதையும் படத்தோடும் அளவோடும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பதுளையில் ஒரு லேத், ஒரு கமரா, தமிழ் எழுதத் தெரிந்த ஓர் இளைஞர், வேலைக்குக் கூலியோடு ஒதுக்கப்பட்ட சில வாரங்கள் போதும்.